உலைநாச்சி சோறு

அன்று காலை நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இருந்தவர்கள்: என் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, லயத்து வரிசையில் அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பரா அக்கா, பூசாரியின் மனைவி, அம்மாவின் இடுப்பில் தம்பி, குடத்துக்குப் பக்கத்தில் நான். வேறு யாரும் இல்லை. பிற்காலத்தில் எத்தனையோ பேர் நானும் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டார்கள். அதெல்லாம் பொய். இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நானும் தம்பியும்தான். தம்பிக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொல்ல ஆளில்லையே என்ற பயத்தில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் என் வயதுக்காரர்கள் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னம்மா குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் அவள் கால்விரல்களுக்கு நடுவே ஓடியது. கண்டிக்குக் கிழக்கே ஹுன்னஸ்கிரியப் பக்கத்து மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பைக் கடிக்கும். அவளுக்கு அது உறைக்கவில்லை.

பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இந்தா பாருங்கடி, நம்ம லயத்து ஒலநாச்சிய! கொடம் வழியுது புள்ள. ஒன் புருசன் என்னா, அந்த வளைவுலயா வந்துகிட்டு இருக்காரு?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள். "வந்தா ஒனக்கு ஒண்ணும் கொண்டார மாட்டாரு, பயப்படாத" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவுதான் நடந்தது. கேலி. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி இன்னொருத்தியைச் செய்யும் கேலி.

உலைநாச்சியைக் கேள்விப்படாதவர்கள் இருப்பீர்கள். எங்கள் தோட்டத்துக்கும் அதற்குக் கீழே இருந்த இரண்டு மூன்று தோட்டங்களுக்கும் மட்டும் சொந்தமான பெயர் அது. காடு வெட்டிய காலத்தில் இந்தியாக் கரையிலிருந்து வந்த ஒரு புருசனும் பொண்டாட்டியும் ஓடைப் பக்கம் குடிசை போட்டிருந்தார்களாம். "உலையை வை, கண்டிக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் காட்டுக்குள் இறங்கினானாம். அவள் உலை வைத்தாள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினாள். விறகு எரிய எரியத் தள்ளினாள். அவன் வரவில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கல்லாகிப் போனாள். ஓடைக்கரையில் ஒரு கறுப்புக் கல்லைக் காட்டுவார்கள். எனக்கு அது சாதாரணக் கல்லாகத்தான் தெரிந்தது.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது யாரும் கல்லையோ அந்தப் பெண்ணையோ நினைப்பதில்லை. எந்நேரமும் தூங்குகிறவனுக்கு ஓர் அரக்கன் பெயரையும், கோள்மூட்டிக்கு ஒரு முனிவர் பெயரையும், பொய் சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு ராஜாவின் பெயரையும் நாம் வைக்கவில்லையா? அதுபோலத்தான். பருப்பு வேகவில்லையென்றால் "ஒலநாச்சி ஒல". சம்பளம் பிந்தினால் "ஒலநாச்சி சம்பளம்". போன மாதம் அம்பிட்டியவில், நான் இப்போது இருக்கும் மகன் வீட்டில், மருமகள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டு "ஒலநாச்சியாட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு, ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றாள்.

"ஒலநாச்சின்னா யாருன்னு தெரியுமா புள்ள?" என்று கேட்டேன்.

"யாருமில்ல மாமி. ஒங்க மகன் சொல்லுவாரு, நானும் சொல்றேன். சும்மா ஒரு பேச்சு."

சும்மா ஒரு பேச்சு. அது ஒரு மனுஷியின் தலையில் எப்படி ஏறி உட்கார்ந்தது என்றுதான் சொல்லப் போகிறேன்.

சித்தப்பா, அதாவது சின்னம்மாவின் புருசன், இந்தியா போய் அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய அப்பா முன்பே, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக எழுதிப் போட்டிருந்தார். அந்தக் காகிதத்தில் சித்தப்பா கல்யாணமாகாத மகன். பிறகுதான் கல்யாணம் நடந்தது. கோவிலில் தாலி கட்டி, லயத்துக்கே சாப்பாடு போட்டு, தப்படித்து நடந்த கல்யாணம். அரசாங்கக் கச்சேரியில் பதியவில்லை. யார் பதிந்தார்கள் அப்போது? கழுத்தில் தாலி இருக்கிறது, கண்ணால் பார்த்த சனம் இருக்கிறது, இதற்கு மேல் துரைமாருக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்பார்கள். அந்த நினைப்பு எத்தனை குடும்பத்தை நடுவில் அறுத்தது என்பது உங்களுக்கும் தெரியும். பயணக் காகிதம் வந்தபோது சித்தப்பாவின் பெயர் இருந்தது, சின்னம்மாவின் பெயர் இல்லை.

"நான் போயி எடத்தப் பாத்துட்டு ஒனக்கு எழுதிப்போட்டுக் கூப்புட்டுக்கிறேன். ஒரு ஆறு மாசம். மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத" என்றார் சித்தப்பா. கண்டி ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது, கட்டுச்சோற்றைக் கொடுக்க மறந்துபோன சின்னம்மா பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாக வேறு யாரோ கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு சின்னம்மா எங்களோடுதான் இருந்தாள். ஒரே காம்பரா, நடுவே சாக்குத் தடுப்பு.

பீலிக்கரைக் கேலி கேலியாகவே போயிருக்கும், அந்த வருடம் பஞ்சம் வராமல் இருந்திருந்தால். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பஞ்சம் நினைவிருக்கும். அரிசி குறைந்தது, கோதுமை மா குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. பாணுக்கு, அதுதான் ரொட்டிக்கு, விடியமுன் வரிசை. ஆண்கள் காடு வெட்டிப் பயிரிடும் சேனை வேலை தேடி மலையிறங்கிப் போனார்கள். சிலர் கிழமைக்கணக்கில் வரவில்லை. அப்படிப் போனவர் ஒருவரின் மனைவி, ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து, பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக, "ஒலநாச்சிக்கு ஒரு பிடி" என்று சின்னம்மாவின் கையில் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டுப் போனாள். அந்தக் கிழமையே அவள் புருசன் தோளில் அரை மூட்டைக் குரக்கன் தானியத்தோடு வந்து சேர்ந்தார்.

கேலி அன்றோடு நின்றது.

பூசாரி சின்னம்மாவை மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துக் குங்குமம் வைத்தார். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது சின்னம்மா சோறு பொங்கி ஒரு தட்டில் போட்டு மூடி வைக்க வேண்டும், வெளியே போன புருசன்மாருக்கு அது வழி காட்டும், விடிந்ததும் காக்கைக்குக் கொட்டிவிட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். புருசன் வெளியே போன பெண்கள் தங்கள் பங்கு அரிசியில் ஒவ்வொரு பிடி கொண்டுவந்தார்கள். திருவிழாவில் முதல் பொங்கல் பானையை இனி அவள்தான் வைப்பாள் என்றும் ஆனது. பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, "தெரியாமச் சிரிச்சிட்டேன் தாயி, மனசுல வச்சிக்காத" என்று காலைத் தொட்டாள். அந்த அக்கா சின்னம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். சின்னம்மாவுக்கு இருபத்திரண்டுதான். காலை இழுத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். பலாக்கொட்டை தின்றோம். மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம், நசுங்கிய அலுமினியத் தட்டில், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பூனை தள்ளாமல் இருக்க அம்மிக் குழவியை வைத்து, சோறு இருந்தது. பசியோடு படுத்திருக்கும் பிள்ளைக்குச் சோற்று வாசனை எங்கிருந்து வருகிறதென்று நன்றாகத் தெரியும். எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பூனை தள்ளிவிட்டால் நான் தின்றேன் என்று சொல்வார்களே என்று. அதனால் பூனைக்குக் காவலாக விழித்துக் கிடப்பேன். இன்றைக்கும் மூடிய தட்டைப் பார்த்தால் யாருக்கு வைத்தது என்று இரண்டு தரம் கேட்காமல் தொடமாட்டேன்.

ஒரு நாள் தம்பி பசியில் விடாமல் அழுதான். சின்னம்மா எழுந்து போய்க் குழவியை நகர்த்தினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. ஊரு அரிசி அது. பாவம் புடிச்சிரும்."

"பச்சப் புள்ளைக்கு ரெண்டு பருக்க குடுத்தா என்னா பாவம் மாமா?"

"ஒனக்குத் தெரியாது. எத்தன பொம்பளைங்க அந்தத் தட்ட நம்பிக் கெடக்காங்க."

அப்பா கெட்டவர் இல்லை. தன் பங்குக் கிழங்கை எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர். விடிந்ததும் காக்கைகள் வந்தன. அந்தப் பஞ்சத்திலும் எங்கள் லயத்துக் காக்கைகள் கொழுத்து இருந்தன.

மாதத்தில் சம்பளம் போடும் சனி ஞாயிறில் கண்டியிலிருந்து தையல்காரர் வருவார். கையால் சுற்றும் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டிலிருந்து ஏறுவார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் முன்பக்கம் சாக்கு விரித்து உட்காருவார். பெண்களை அளவெடுக்க மாட்டார், அவர்களும் விடமாட்டார்கள். பழைய சட்டை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். எங்கள் தோட்டத்துப் பெண்களை முகத்தால் அல்ல, சட்டையால்தான் அவருக்குத் தெரியும். சின்னம்மா அளவுச் சட்டையைக் கொடுத்தபோது அதைப் பிரித்துப் பார்த்தார்.

"இது நான் தச்சதுதானே. ஒங்க கல்யாணத்துக்கு."

"ஆமா."

"அதே அளவா தைக்கிறது?"

"அதே அளவுதான்."

அவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். நரைக்கத் தொடங்கிய மீசை. மனைவி செத்துப் போனவர், பிள்ளை இல்லை. "இல்லிங்க, நீங்க ரொம்ப மெலிஞ்சிட்டீங்க. ரெண்டு பக்கமும் புடிச்சித்தான் தைக்கணும்" என்றார். அவள் மெலிந்துவிட்டாள் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. முகத்தில் தேஜஸ் வந்துவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. கீழே ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நனைந்துகொண்டு நின்ற தையல்காரரை அப்பாதான் எங்கள் காம்பராவுக்குக் கூட்டிவந்தார். உட்காரச் சொன்ன கையோடு மேல் லயத்தில் கூரை விழுந்துவிட்டது என்று சத்தம். எல்லோரும் ஓடினோம். அங்கே இருந்தவர்களை வெளியே கூட்டி வந்து, தகரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, தையல்காரர் வாசலில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க" என்றார் அப்பாவிடம். "இந்தப் பஞ்சத்துல விருந்தாளிக்குன்னு சோறு மூடி வச்சிருக்கீங்க. நான் என் கல்யாணத்துலகூட இவ்வளவு மரியாதையாச் சாப்புட்டதில்ல. உப்பு மட்டும் இல்ல."

தரையில் இறக்கி வைத்திருந்த அம்மிக் குழவியை அப்பா பார்த்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சின்னம்மா மட்டும் நனைந்த முந்தானையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு இல்லியா?"

"இல்லிங்களே."

"யாரு ருசி பாக்கப் போறான்னு நான் உப்பே போடுறதில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தையல்காரரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். சித்தப்பா போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா விசயத்தைச் சொன்னதும் தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். பூசாரி வந்து தட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஆனால் அடுத்த சம்பளக் கிழமை தையல்காரர் மறுபடி வந்தார். தைத்த சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஒங்க தங்கச்சியக் கேக்கலாம்னு வந்தேன்."

"என்னா கேக்குறதுக்கு?"

"கட்டிக் குடுப்பீங்களான்னு."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "அவள இங்க என்னான்னு கும்புடுறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். மழையில எறங்கிப் போறப்ப நெனைச்சிகிட்டே போனேன். தெனமும் சோறு பொங்கி வைக்கிற மனுசி சாப்புடாம மெலிஞ்சி கெடக்குது. டவுன்ல ஒரு ரூம் இருக்கு. புடவைக் கடை வாசல்ல மெஷின் போட்டிருக்கேன். ரெண்டு பேரு சாப்புடுற அளவுக்கு வருமானம் வரும்ங்க."

அதே நாட்களில்தான் கீழ்த் தோட்டத்தில் ஒருவர் அம்மாவிடம் சேதி சொன்னார். கோத்தகிரிப் பக்கம் போன அவருடைய உறவுக்காரர் சித்தப்பாவைக் கண்டாராம். மாமன் மகளைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு இருக்கிறாராம். அம்மா அழுதுகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"தெரியும்" என்றார் அப்பா. "தீபாவளிக்கே தெரியும். எனக்கும் தெரியும், பூசாரிக்கும் தெரியும்."

"தெரிஞ்சிகிட்டா அவள அடுப்படியில ஒக்கார வச்சிருக்கீங்க?"

"சொன்னா என்னாகும்? ஒலநாச்சி புருசனே வரமாட்டான்னா மத்தவளுக என்னா ஆவாளுக? ஒருத்தி மருந்தக் குடிச்சா நீ பொறுப்பா? பஞ்சம் முடியட்டும் புள்ள. மொள்ளமாச் சொல்லுவோம்."

பஞ்சம் முடியட்டும் என்றுதான் சொன்னார். அப்பாவின் வயதைத் தாண்டி வந்துவிட்ட எனக்கு இப்போது அவருடைய பயம் விளங்குகிறது. நானும் அப்படிப் பயப்படுகிற ஆள்தான். மொள்ளமாச் சொல்லுவோம் என்று எத்தனை விசயத்தை நானும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். விளங்குவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

அம்மா பொறுக்கவில்லை. அன்றைக்கே சின்னம்மாவிடம் சொல்லிவிட்டாள். சின்னம்மா தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்குவதை நிறுத்தவில்லை.

"போன ஆளு ரெண்டு வருசமா ஒரு கடுதாசி போடலன்னா வேற என்னாக்கா அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

"அப்ப வாறியா? அந்த மனுசன் கேக்குறாரு. பதிவே இல்லாத கல்யாணம். யாருகிட்டயும் நீ விடுதலை வாங்கத் தேவயில்ல."

சின்னம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "அவரு வீட்டுல உப்பு இருக்குமா?" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, எதற்கென்று அப்போது தெரியாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போன பிறகு நாங்கள் கண்டி பஸ் பிடிக்க இறங்கினோம். தம்பியைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு அம்மா, சின்னம்மா, நான். தையல்காரர் தைத்த சட்டை சின்னம்மாவுக்குப் பிடித்து வைத்தது போல இருந்தது. மா பையில் இரண்டு சேலை, ஒரு சீப்பு. அவ்வளவுதான் அவளுடைய சொத்து. பனி விலகாத நேரம். தேயிலைச் செடியெல்லாம் நனைந்து நின்றது. யாராவது எதிரே வந்து எங்கே என்று கேட்பார்களே என்று ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் கையை இறுக்கினேன். ஒருவரும் வரவில்லை.

எல்லோரும் சந்தியில் இருந்தார்கள். அன்று இந்தியா போகும் ஆட்களை ஏற்றிப் போக லொறி வந்திருந்தது. தகரப் பெட்டிகள், பாய்க்கட்டு, உரல்கூட ஒன்று. வழியனுப்ப வந்த சனம். ஒரே அழுகை. கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தி, கல்யாணமாகி ஒரு வருடம், கையில் குழந்தை. புருசன் தன் தாயோடு போகிறார். அவளும் பதியாத பெண்டாட்டி, பெயர் வரவில்லை. தலைவிரித்து அழுதுகொண்டிருந்தவள் சின்னம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா வந்துட்டாங்க! ஒலநாச்சியே எறங்கி வந்துட்டாங்க!"

கூட்டம் பிரிந்து வழிவிட்டது. யாரோ திருநீற்றுத் தட்டை நீட்டினார்கள். அந்தப் பிள்ளை குழந்தையைச் சின்னம்மாவின் காலடியில் கிடத்தினாள். ஈர ரோட்டில்.

"அவரு வந்துருவாருன்னு ஒங்க வாயால சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாப் போதும். நான் இருந்துக்குவேன்."

வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. வந்து நின்றது. "நுவர, நுவர, நுவர! நகின்ன, நகின்ன!" என்று கண்டிக்கு ஏறச் சொல்லிக் கண்டக்டர் சிங்களத்தில் பலகையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டு வாடி" என்று அம்மா காதுக்குள் சொன்னாள். "ஒரு வார்த்ததானே. சொல்லிட்டு ஏறு."

சின்னம்மா குனிந்து முதலில் குழந்தையைத் தூக்கினாள். ஈரத்தைத் துடைத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"வந்துருவாரு" என்றாள்.

உடனே அடுத்தவள் நெற்றியை நீட்டினாள். அதற்கடுத்தவள். போகிற ஆண்களும் லொறியிலிருந்து இறங்கி வந்தார்கள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. அம்மா "நிப்பாட்டுங்க" என்று கத்தியதை எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடக் கேட்கவில்லை.

லொறி போன பிறகு அம்மா அவள் தோளைப் பிடித்தாள். "பதறாத. பத்து மணிக்கு அடுத்த பஸ் இருக்கு."

"எந்த மூஞ்சிய வச்சிகிட்டு ஏறுவேன்க்கா? இப்பத்தானே அந்தப் புள்ளைக்குச் சொன்னேன், வந்துருவாருன்னு."

அந்தப் பிள்ளை அவள் கையை விடவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டே, "எனக்கும் எப்புடித் தட்டு வைக்கிறதுன்னு சொல்லித் தாங்கக்கா" என்று விம்மினாள். இரண்டு பேரும் குழந்தையோடு மலையேறினார்கள். மா பை அம்மாவின் கையில் இருந்தது.

பத்து மணி பஸ்ஸில் அம்மாவும் நானும் கண்டிக்குப் போனோம். சேதியாவது சொல்ல வேண்டுமே. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் புடவைக் கடை. ஞாயிறானதால் கடை பூட்டு. தையல்காரர் வாசல்படியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய புது எவர்சில்வர் தட்டுகள். எழுந்து எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"பின்னால வர்றாங்களா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"புடிக்கலியா?"

"புடிச்சிருந்திச்சு" என்றாள் அம்மா. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எதிரே போய் எனக்கு ஒரு பனிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். சீனி தூவிய பனிஸ் ரொட்டி. அம்மா அழுதுகொண்டிருந்தாள், அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். அடுத்த சம்பளக் கிழமை வேறொரு தையல்காரர் வந்தார்.

அன்று பின்னேரம் நாங்கள் திரும்பியபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா அதன் முன்னால் இருந்தாள். "கல்லாப் போனான்னு சொல்றாங்களேக்கா" என்றாள் நெருப்பைப் பார்த்தபடி. "அவ எந்திரிக்கப் பாத்திருப்பா. சனம் சுத்தி நின்னு கும்புட்டிருக்கும். எப்புடி எந்திரிக்கிறது?"

பஞ்சம் முடிந்தது. தட்டு முடியவில்லை. சேனைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், அது சின்னம்மாவின் கணக்கில் ஏறியது. இந்தியா போனவர்கள் ஒருவரும் வரவில்லை, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு கொழுந்தெடுத்தேன், கல்யாணமாகிக் கண்டிப் பக்கம் வந்தேன். சின்னம்மா அங்கேயே இருந்தாள். பென்சன் எடுத்த பிறகும் ஒவ்வொரு நாளும் பொழுது சாய உலை வைத்தாள். திருவிழாவில் முதல் பானை வைத்தாள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கடைசியில் நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

அவள் செத்த செய்தி வந்து போனேன். காரியம் முடிந்த அன்று, பழைய பூசாரியின் மகன், அவர்தான் இப்போது பூசாரி, அந்த நசுங்கிய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூட்டத்தில் ஒரு நரைத்த பெண்ணின் முன்னால் நின்றார். அன்று லொறிச் சந்தியில் நின்ற அதே பிள்ளை. அவள் புருசன் வரவே இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது கொழும்பில் கடையொன்றில் நிற்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனேன். "வாங்காதீங்க" என்றேன். "அன்னைக்கு எங்க சின்னம்மா ஒங்கள ஆசிர்வாதம் பண்ண வரல. கண்டிக்குப் போகத்தான் வந்தாங்க. அங்க ஒருத்தரு..."

"தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"பையப் பாத்தேன் தங்கச்சி. புதுச் சட்டையப் பாத்தேன். அவங்க போகத்தான் வந்தாங்கன்னு பாத்தவொடனே தெரிஞ்சிச்சு. அவங்களே போயிட்டா எங்க வீட்டுக்காரரு வரவே மாட்டாருன்னு பயம் வந்துருச்சு. அதான் புள்ளையக் கால்ல போட்டேன். மலையேறுற வரைக்கும் கைய விடல."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், அதற்கும் முடியவில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

"நான் வாங்கலன்னா வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்றாள். "அங்க பாருங்க."

வாசலோரம் சின்னப் பெண் ஒருத்தி நின்றாள். புருசன் கட்டாருக்குப் போய் எட்டு மாதம், அவரிடமிருந்து போன் வருவது நின்று மூன்று மாதம் என்று பிறகு சொன்னார்கள். கையில் பொலித்தீன் பையில் ஒரு பிடி அரிசி. தட்டு யார் கைக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரியின் கண்ணும் அவள் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

நரைத்தவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். பூசாரியின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து குனிந்தாள்.

"வந்துருவாரு" என்றாள் உலைநாச்சி.